தொலைவை அளந்து எண்ணாகக் காட்டும் பைனாகுலர் எப்படி இயங்குகிறது? அதை வாங்குவது பயனுள்ளதா?

பறவைகளையும் விலங்குகளையும் கண்டு மகிழ மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பதே என் பதில். தொலைவை எண்ணாகக் குறித்தே ஆக வேண்டிய வேலை இருப்பவர்களுக்கு மட்டுமே அது கொடுத்த பணத்துக்குத் தகும்.

இதனுள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். பல கருவிகளில் அதன் அலைநீளம் 905 நானோமீட்டர். பொத்தானை அழுத்தியதும் மிகக் குறுகிய ஒளித்துடிப்புகள் வெளியேறி, இலக்கில் பட்டுச் சிதறி, அவற்றில் ஒரு சிறு பகுதி கருவியின் உணரிக்குத் திரும்புகிறது. போய்வர ஆன நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தொலைவு கிடைத்துவிடும். 150 மீட்டர் தள்ளி நிற்கும் மானைத் தொட்டுத் திரும்ப ஒளிக்கு ஒரு மைக்ரோ நொடிதான் ஆகிறது என்பதால், ஒரு மீட்டர் துல்லியத்துக்கு ஏறத்தாழ 7 நானோ நொடி வேறுபாட்டைக் கருவி பிரித்தறிய வேண்டும்.

முதுமலையில் தாவர உண்ணிகளின் கணக்கெடுப்பில் தன்னார்வலராக நடந்தபோதுதான் இதன் அருமையும் குறையும் எனக்குப் புரிந்தன. நேர்கோட்டுப் பாதையில் நடந்து, புள்ளிமான் கூட்டத்தைக் கண்டவுடன் அதன் தொலைவையும் திசைகாட்டிக் கோணத்தையும் குறிக்க வேண்டும். இவ்விரண்டிலிருந்தும் பாதைக்குச் செங்குத்தான தொலைவைக் கணக்கிட்டே விலங்குகளின் அடர்த்தியை மதிப்பிடுகிறார்கள். கண்ணளவில் 60 மீட்டர் என்று நான் சொன்ன இடம் அளந்தபோது 85 ஆக இருந்தது. இப்படிக் குறைத்தே மதிப்பிட்டுக்கொண்டு போனால், அதே மான்கள் சிறிய பரப்புக்குள் இருந்ததாக ஆகி, காட்டில் உள்ளதைவிட அதிக மான்கள் இருப்பதாகக் கணக்கு சொல்லிவிடும். பார்த்த கண்ணை எடுக்காமலேயே அளக்க முடிவது அங்கே பெரிய உதவி.

ஆனால் இடையில் உண்ணிச்செடிப் புதர் இருந்தால், கருவி மானை விட்டுவிட்டுப் புதரின் தொலைவைக் காட்டிவிடக்கூடும். ஆகவே விலங்கையொட்டி மறைவின்றித் தெரியும் மரத்தின் தண்டைக் குறிவைத்து, இரண்டு மூன்று முறை அளந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அடர்ந்த மூடுபனியில் அதுவும் கைகொடுப்பதில்லை.

எடை கூடுதல்; மின்கலம் தீர்ந்தால் அளவு கிடைக்காது. சில மாதிரிகளில், எண்களைக் காட்டுவதற்காகப் பட்டகத்தில் பூசும் படலத்தால் காட்சியில் மெல்லிய நிறச்சாயல் ஏறுகிறது. பறவையின் இறகு நிறத்தைப் பார்த்து இனம் பிரிப்பவருக்கு இது சிறிய குறையன்று. பெயர்பெற்ற ஐரோப்பிய நிறுவனங்களின் மாதிரிகள் லட்ச ரூபாயைக் கடந்துவிடுகின்றன. அந்தப் பணத்தில் நல்ல 8×42 (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) பைனாகுலரையும், தொலைவை அளப்பதற்கென்றே உள்ள தனி ரேஞ்ச் ஃபைண்டரையும் சேர்த்தே வாங்கலாம்.

வாங்குவதென்று முடிவெடுத்தால், விளம்பரத்தில் உள்ள உச்சத் தொலைவை நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஒளியை நன்கு திருப்பும் பரப்புக்கானது, மானின் தோலுக்கு அதைவிட வெகுவாகக் குறையும்.