நாற்பது வயதிலும் காமிக்ஸும் மாயாஜாலக் கதையும் படிப்பது சிறுபிள்ளைத்தனமா?

இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள் என்றால், உங்களை வீட்டிலோ அலுவலகத்திலோ யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள். எனக்கும் நடந்தது. ஒரு வாசகர் கூட்டத்தில் பிடித்த கதாபாத்திரம் யார் என்று கேட்டார்கள். இரும்புக்கை மாயாவி என்ற காமிக்ஸ் நாயகனைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டு, "சரி, பெரியவங்க படிக்கிறதுல சொல்லுங்க" என்றார். அன்று வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, மாமா கொடுத்த முத்து காமிக்ஸை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒற்றைக் கை துப்பாக்கி பிடித்து நிற்கும் கட்டத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "கரண்டு போயிருச்சுன்னா என்னடா பண்ணுவான்?"

எங்கள் ஊரில் சாயங்காலமானால் கரண்ட் போய்விடும், அவளுக்கு அது நிஜமான கவலை. எந்த மாயக் கதையை எடுத்தாலும் இன்றும் நான் கேட்பது அதைத்தான். சக்திக்கு எங்கே தடை இருக்கிறது? விக்கிரமாதித்தன் வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி மரமேறிவிடும். அந்தத் தடை இருப்பதால்தான் கதை நிற்கிறது. இப்போது வரும் தடித்தடி ஃபேண்டஸி நாவல்கள் பலவற்றில் நாயகன் மாட்டிக்கொண்டதும் புதிதாக ஒரு சக்தி முளைக்கிறது. பாதியிலேயே மூடிவிடுகிறேன்.

காமிக்ஸ் எல்லாமே உசத்தி என்று நான் சொல்லவில்லை. ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இங்கிலாந்தின் பழைய காமிக்ஸ் நாயகன்) ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன்: அவரிடமும் இதே குறைதான். எந்த ஆபத்து வந்தாலும் கைவசம் ஒரு கருவி இருக்கும். சின்ன வயதில் வாய்பிளந்து படித்ததை இப்போது பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. மாயாவி அப்படி இல்லை. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் அவன் வந்தபோது நல்லவனே கிடையாது. சக்தி கிடைத்ததும் திருடப் போனவன், பிறகுதான் திருந்தினான். பெரியவர்கள் படிக்க அதில் என்ன குறை?

இன்னொரு ஆதங்கமும் உண்டு. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது மாயாவி கதைதான். அந்தப் பழைய பிரதிக்காக ஒருவருக்கு முன்பணமாகவே முழுத் தொகையும் அனுப்பினேன். வந்தது ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த கட்டு. ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ மெல்லிய கோடுகளாகப் போட்டிருந்த நிழலெல்லாம் கருப்பாக அப்பிக் கிடந்தது, அந்த இரும்பு விரல்களின் மடிப்புகூடத் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் போனை எடுப்பதில்லை.