கை மாறிச் சென்ற கோப்பை

அன்புள்ள ஐயா,

நாங்கள் மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர்கள். என் அண்ணி இரண்டு ஆண்டுகளுக்கு முன் யெகோவாவின் சாட்சிகளோடு சேர்ந்துவிட்டார். இயேசுவின் மரணத்தை நினைவுகூரும் அவர்களுடைய நினைவுநாள் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றார். அப்பமும் திராட்சரசமும் வரிசை வரிசையாகக் கை மாறின. அண்ணி உட்பட ஒருவரும் புசிக்கவில்லை. எங்கள் சபைப் போதகரான ஐயர் இதைத் துர்உபதேசம் என்கிறார். அவர்களும் இயேசுவைத்தானே நம்புகிறார்கள்?

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரிக்கு,

“நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்” என்ற வசனத்தைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு கலக்கம் தந்திருக்கும் என்று உணர்கிறேன். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமாகிய வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 1,44,000 பேர் மட்டுமே பரலோகம் செல்வார்கள் என்பதும், அப்பமும் ரசமும் அவர்களுக்கே உரியவை என்பதும், ஏனையோர் இப்பூமியிலேயே பரதீசில் வாழ்வார்கள் என்பதும் சாட்சிகளின் போதனை. ஆகவே உங்கள் அண்ணி கோப்பையை அவமதிக்கவில்லை; தமக்கு உரியதல்ல என்று நம்பியே பயபக்தியோடு அடுத்தவர் கையில் கொடுத்தார். உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடிப் பேர் கூடும் அந்த மாலையில் புசிப்பவர்கள் சில பத்தாயிரம் பேர்தான்.

ஆயினும் வேறுபாட்டின் வேர் இயேசு யார் என்ற கேள்வியில் இருக்கிறது. பிறந்தநாள் கொண்டாடாமை, இரத்தம் ஏற்றிக்கொள்ளாமை போன்றவற்றையே ஊரார் பேசுவார்கள், அவை கிளைகள். சாட்சிகளுக்கு இயேசு கடவுளாகிய யெகோவாவின் முதல் படைப்பு, பிரதான தூதனாகிய மிகாவேலும் அவரே. பரிசுத்த ஆவி ஓர் ஆளல்ல, கடவுளின் செயல்படும் சக்தி. வேதாகமத்தின் கொலோசெயர் நிருபம் முதல் அதிகாரத்தில் இயேசுவை “சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறு” (முதலில் பிறந்தவர்) என்று வருவதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் அடுத்த வசனம் அவருக்குள் சகலமும் சிருஷ்டிக்கப்பட்டது என்கிறது. அவர்களுடைய வேதாகமமாகிய புதிய உலக மொழிபெயர்ப்போ அங்கே ‘மற்ற’ என்ற சொல்லைச் சேர்த்து, ‘மற்ற எல்லாம்’ என்று வாசிக்கிறது. கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை. அந்த ஒரு சொல்லால் படைத்தவர் படைக்கப்பட்டவர்களின் வரிசைக்கு வந்துவிடுகிறார் என்பதே என் வருத்தம்.

சாட்சிகளின் இயக்கத்துக்கு வித்திட்ட சார்ல்ஸ் டேஸ் ரஸல் 1879இல் பென்சில்வேனியாவில் காவற்கோபுரம் இதழைத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, குமாரனாகிய இயேசு இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு என்று அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸ் போதித்தார். 325இல் நிசேயா நகரில் சங்கமாகக் கூடிய ஆயர்கள் அதை மறுத்து, குமாரன் பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்லர் என்று அறிக்கையிட்டார்கள். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யினரும் பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபையினரும் தங்களுக்குள் எத்தனை பிணங்கினாலும் இந்த விசுவாசத்தில் ஒன்றுபடுகிறார்கள்; சாட்சிகள் இதற்கு வெளியே நிற்கிறார்கள். அந்த அளவில் உங்கள் ஐயர் சொன்னது சரி.

ஆனால் ‘துர்உபதேசம்’ என்ற அச்சொல்லை அண்ணியின் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள். அவர் வேதத்தை உண்மையாகவே தேடி வாசிப்பவராக இருக்கக்கூடும். உங்கள் வேதாகமத்தையும் அவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, கொலோசெயர் 1:15 முதல் 17 வரை இருவரும் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.