குரல்வளம் இல்லாதவர் பாடகர் குழாமில் சேரலாமா?

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் இருக்கிறேன், குரல் சுமார்தான், கூட்டாகப் பாடும் குழுவில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். தனியாகப் பாடும்போது குறையாகத் தெரியும் குரல், பலர் நடுவில் நின்றால் குழாமின் குரலாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூச்சு வாங்கும் தந்திரம்தான். நீண்ட சுரம் ஒன்றை ஒரே மூச்சில் பிடித்து நிற்பது எளிதல்ல. அதனால் ஆளுக்கு ஓர் இடத்தில் மூச்சு வாங்குவார்கள். நீங்கள் நிறுத்தும் நொடியில் பக்கத்தில் நிற்பவர் பாடிக்கொண்டிருப்பார். நீங்கள் மெல்ல வந்து சேர்ந்ததும் அவர் நிறுத்துவார். கேட்பவருக்கு இழை அறுவதே தெரியாது. மற்றபடி, அடி முடியும் இடங்களில் எல்லோருக்கும் ஒரே மூச்சுதான். அப்படிப் பாடும்போது பாடுவோரின் இதயத் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்குவதை சுவீடனின் கோதென்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள்.

மலையகத்துக்கு இது புதிதும் அல்ல. மார்கழி விடியலில் ஆர்மோனியம், ஜால்ராவோடு தோட்டத்து லயன் வீடுகளை வரிசை வரிசையாகச் சுற்றிப் போகும் பஜனைக் குழுவில் யார் குரல் தேர்வு வைத்தார்கள்? ஒருவர் அடியெடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், அவ்வளவுதான். தேவாலயக் குழாம்களில் பெரும்பாலும் நான்கு குரல் பிரிவுகள் இருக்கும். சுமாரான குரலுக்குக் கீழ்க்குரல் பிரிவைச் சொல்வேன்; மெட்டு அங்கே குறைவு, ஆனால் மேலே பாடுபவர்கள் அதன்மேல்தான் சாய்ந்து நிற்கிறார்கள்.

பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், அதற்குப் பிறகு பஸ் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆரம்ப வாரங்களில் சுருதி பிசகாதவர் ஒருவர் பக்கத்தில் நின்று, வாயைவிடக் காதுக்கு அதிக வேலை கொடுங்கள்.