பனம்பழம் மறைகிறது, சத்தம் வரவில்லை

கேள்வி: யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் சிறு விளையாட்டு ஒன்று செய்கிறேன். பனம்பழத்தைத் தொட்டால் அது மறைந்து, 'தொப்' என்று சத்தம் வர வேண்டும். பழம் மறைகிறது, சத்தம் இல்லை. பின்னணியில் அருவி இரைச்சல் மட்டும் நன்றாகக் கேட்கிறது. எங்கே பிழை?
– கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: அருவி கேட்கிறது என்று எழுதினீர்களே அம்மா, அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிட்டது. கேம் சாளரத்தில் ஒலியை அடைத்திருந்தாலோ, கேமராவில் விளையாட்டின் காதான ஆடியோ லிசனர் இல்லாவிட்டாலோ அருவியும் ஊமையாகியிருக்கும்.

என் சந்தேகம் பழத்தின்மேல்தான். ஒலியை எழுப்பும் ஆடியோ சோர்ஸை அதிலேயே வைத்திருப்பீர்கள். நிரலின் முதல் வரியில் ஒலிக்கச் சொல்லும் 'பிளே', அடுத்த வரியில் பொருளை அழிக்கும் 'டெஸ்ட்ராய்'. பழம் அழியும்போது ஒலியும் அதோடு போய்விடுகிறது. பாளையங்கோட்டையில் என்னிடம் படித்த பையனும் நானும் இதே பிழையைத் தேடி ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கிறோம்.

குறித்த இடத்தில் ஒலியைத் தனியே எழுப்பும் 'பிளே கிளிப் அட் பாயின்ட்' கட்டளை போதும் என்று பலர் சொல்வார்கள். சத்தம் வரும், ஆனால் அது முப்பரிமாண ஒலி; தூரம் கூடினால் குறையும். இருபரிமாண விளையாட்டில் கேமரா வழக்கமாக 10 அலகு பின்னால் நிற்பதால் 'தொப்' முனகலாகத் தேய்ந்துவிடும். அழியாத வெற்றுப் பொருள் ஒன்றில் ஆடியோ சோர்ஸை வைத்து, 'ஸ்பேஷியல் பிளெண்ட்' அளவை 0 ஆக்கி (அப்போது தூரத்தால் ஒலி குறையாது), 'பிளே ஒன் ஷாட்' கட்டளை மூலம் ஒலிக்கச் செய்யுங்கள். நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

அந்த அருவியை எங்கே பதிவு செய்தீர்கள்? பாபநாசமா, மணிமுத்தாறா? அடுத்த கடிதத்தில் அவசியம் எழுதுங்கள்.