மெயின் நன்றாக எழுதினால் அட்வான்ஸ்டும் வந்துவிடுமா?

கேள்வி: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பாலக்காடு ஐ.ஐ.டி.யில்தான் சேருவேன் என்கிறாள். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ.யின் முதல் கட்டம் மெயினில் நல்ல மார்க் வாங்கினால், ஐ.ஐ.டி.க்கான இரண்டாம் கட்டம் அட்வான்ஸ்டும் தானாக வந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தானாக வராது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் அட்வான்ஸ்டு சுலபம்போலத் தெரியும். மெயினில் 3 மணி நேரத்துக்கு 75 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 2 நிமிடம் 24 விநாடி. அட்வான்ஸ்டில் 3 மணி நேரத் தாள் இரண்டு; 2025இல் ஒரு தாளுக்கு 48 கேள்விதான், ஒன்றுக்கு 3 நிமிடம் 45 விநாடி. அந்த நேரமும் போதாமல் போவதற்குக் காரணம் கேள்வியின் கட்டுமானம்.

காந்தப்புலத்தில் நகரும் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மெயினில் புலம், நீளம், திசைவேகம் மூன்றையும் கொடுத்து மின்னியக்கு விசையை (கம்பியில் உண்டாகும் வோல்டேஜை) கேட்பார்கள். மூன்றையும் பெருக்கினால் விடை. அட்வான்ஸ்டு பாணியில் அதே கம்பி செங்குத்தான இரு தண்டவாளங்களில் வழுக்கி விழும், மேல்முனைகளுக்கு இடையே மின்தேக்கி (கெப்பாசிட்டர்) இருக்கும். மின்தடை இருக்கும் கணக்கையே போட்டுப் பழகிய பிள்ளை, கம்பி முற்றுத் திசைவேகத்தை (அதற்குமேல் கூடாத வேகத்தை) எட்டும் என்று எழுதிவிடும். மின்தடை இல்லாமல் மின்தேக்கி மட்டும் இருந்தால், மின்னோட்டம் முடுக்கத்தைப் பொறுத்தது. அதனால் கம்பி மாறாத முடுக்கத்தோடு விழுந்துகொண்டே இருக்கும். சூத்திரம் தெரிந்தும் மார்க் போவது இப்படித்தான்.

இன்னொன்று மதிப்பெண் முறை. மெயினில் சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. நாலில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியில் கால் மார்க் லாபம். அட்வான்ஸ்டில் ஒரே விடை உள்ள கேள்விக்குச் சமீப ஆண்டுகளில் 3, மைனஸ் 1. அங்கே குருட்டு யோகத்தின் சராசரி பூஜ்யம். பல விடை சரியாக இருக்கும் பகுதிதான் ஆளைக் கவிழ்க்கும். மூன்று விடை சரி என்றால் மூன்றையும் குறித்தால் 4, நிச்சயமான இரண்டோடு நிறுத்தினால் 2, ஆசைப்பட்டுத் தப்பான ஒன்றைச் சேர்த்தால் மைனஸ் 2. நிறுத்தத் தெரிவதும் ஒரு பயிற்சி. பகுதிகளும் மார்க்கும் ஆண்டுக்காண்டு மாறும், ஒவ்வொரு பகுதியின் தலைப்பில் உள்ள குறிப்பைப் படிக்காமல் தொடக்கூடாது.

மார்க் குறைகிறதே என்று பயப்படவும் வேண்டாம். 2025இல் பொதுத் தரவரிசைப் பட்டியலில் இடம்பெற 360க்கு 74 போதுமாக இருந்தது. (பட்டியலில் வருவது வேறு, சீட் கிடைப்பது வேறு.) பழைய தாள்களை ஞாயிற்றுக்கிழமை காலை 9 முதல் 12, மதியம் 2.30 முதல் 5.30 என்று ஒரே நாளில் இரண்டையும் எழுத வையுங்கள். மதியத் தாளில்தான் கவனப் பிசகு கூடும்.

கேள்வி: தமிழ் மீடியத்தில் படித்தவன். வினாத்தாள் தமிழில் கிடைக்குமா?
– வாசகர், சித்தூர் (பாலக்காடு)

பதில்: மெயினுக்குக் கிடைக்கும், ஆனால் பாலக்காட்டு மையத்தில் அல்ல. கேரள மையங்களில் இந்தி, ஆங்கிலத்தோடு மலையாளம்தான். விண்ணப்பத்திலேயே தமிழைத் தேர்ந்தெடுத்து, கோயம்புத்தூர்போலத் தமிழ்நாட்டு மையத்தைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. அட்வான்ஸ்டு ஆங்கிலம், இந்தியில் மட்டும். ‘வெலாசிட்டி’, ‘இனர்ஷியா’ எல்லாம் பழகிவிடும்; ‘அட்லீஸ்ட்’ (குறைந்தது), ‘நெக்லிஜிபிள்’ (புறக்கணிக்கத்தக்க), ‘இன்கரெக்ட்’ (தப்பான) போன்ற சில்லறைச் சொற்களைக் கவனியுங்கள்.