எந்த அம்மனுக்கு எந்த இலாகா?

கேள்வி: பழைய நாகரிகங்களில் பெண் தெய்வம் என்றாலே தாய்மை, விளைச்சல், பிள்ளைப்பேறு, இவ்வளவுதானே? பெண்ணைத் தெய்வமாகவே வைத்திருந்தார்கள் என்றால் அன்றைய பெண்களுக்கும் ராஜ மரியாதைதான் இருந்திருக்கும், இல்லையா?

பதில்: இரண்டும் இல்லை. மண்ணைத் தோண்டும்போது கிடைக்கிற பெண் பொம்மைக்கெல்லாம் 'தாய்த் தெய்வம்' என்று சீட்டு ஒட்டியதால் வந்த வினை இது. துதிப் பாடல்கள் எழுத்தில் கிடைத்திருக்கிற ஊரில் போய்ப் பாருங்கள். தெற்கு இராக்கில் இருந்த சுமேரியாவில் அம்மன்களுக்கு ஆளுக்கொரு இலாகா.

இனன்னாவுக்குக் காதலும் போரும். குலாவுக்கு வைத்தியம், அவளுக்கு உகந்த பிராணி நாய். இசின் நகரத்தில் அவள் கோயிலை ஒட்டி முப்பதுக்கு மேற்பட்ட நாய்களைப் புதைத்திருக்கிறார்கள். நிசாபாவுக்குத் தானியமும் எழுத்தும். என்ன பொருத்தம் என்கிறீர்களா? உருக் நகரத்தில் கி.மு. 3300 வாக்கில் எழுத்து தொடங்கியதே பெரும்பாலும் களஞ்சியக் கணக்குக்காக: எவ்வளவு வாற்கோதுமை வந்தது, யாருக்கு எவ்வளவு அளந்தது. களஞ்சியக்காரி அப்படியே கணக்கெழுதுகிறவர்களுக்கும் தெய்வமானாள். நாம் பிள்ளையார் சுழியைத் தலைப்பில் போடுகிறோம்; அவர்கள் பல பாடல்களை 'நிசாபாவுக்குத் துதி' என்று கடைசி வரியில் முடித்தார்கள். பிற்காலத்தில் எழுத்து இலாகா நாபு என்ற ஆண் தெய்வத்தின் கைக்குப் போய்விட்டது.

நின்காசிக்கு பீர். கி.மு. 1800 வாக்கில் களிமண் பலகையில் எழுதிய அவளுடைய துதி, பக்திப் பாட்டு பாதி, பட்டறைப் பாடம் பாதி. வாசனைப் பொருள் கலந்த மாவைக் குழியில் பிசைந்து பெரிய அடுப்பில் சுடுகிறாள். தரையில் பரப்பிய முளைதானியத்துக்குத் தண்ணீர் தெளிக்கிறாள், நாய்கள் காவல் காக்கின்றன. முளை விட்டால்தான் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாகும். பிறகு ஜாடியில் ஊறல். வெந்த கூழை நாணல் பாயில் பரப்பி ஆறவிடுகிறாள். கொதிக்கக் கொதிக்க மூடிவைத்தால் நொதிக்கிற ஈஸ்ட் செத்துவிடும், மிஞ்சுவது இனிப்புக் கஞ்சி. கடைசியில் வடிகலத்திலிருந்து பீர் விழுவது டைகிரிஸும் யூப்ரடீஸும் பாய்வது போலிருக்கிறதாம். ஆனால் அதைப் பார்த்துக் காய்ச்சக் கிளம்பிவிடாதீர்கள். அளவும் இல்லை, நாள் கணக்கும் இல்லை.

இனி ராஜ மரியாதைக்கு வருவோம். அந்தத் துதியின் காலத்தை ஒட்டி வந்தது, அதே மண்ணை ஆண்ட பாபிலோன் அரசர் ஹம்முராபியின் சட்டம். 108ஆம் பிரிவு: பீருக்கு விலையாகத் தானியத்தை வாங்க மறுத்து, பெரிய எடைக்கல்லில் வெள்ளி வாங்கினாலோ, தானியத்துக்குத் தர வேண்டிய பீரைக் குறைத்தாலோ, பீர்க் கடைக்காரியைத் தண்ணீரில் எறிய வேண்டும். 109: கடையில் கூடிச் சதி பேசுகிற குற்றவாளிகளைப் பிடித்து அரண்மனையில் ஒப்படைக்காவிட்டால் அவளுக்கு மரண தண்டனை. காய்ச்சுவதற்குத் தெய்வம் பெண். விற்கிற பெண்ணுக்கு ஆற்றுத் தண்ணீர். ஏதென்ஸிலும் ஊர்க் காவல் தெய்வம் அதீனாதான். மக்கள் சபையில் ஒரு பெண்ணுக்கும் வாக்கில்லை.

'கி.மு. 2300 வாக்கிலேயே என்ஹெதுவான்னா இருந்தாரே!' என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். 'ஊர்' (Ur) என்ற பெயருள்ள சுமேரிய நகரத்து நிலாக் கடவுளுக்குத் தலைமைப் பூசாரி. இனன்னாவைப் பற்றிய பாடல்கள் அவர் பேரில் வழங்குகின்றன. எல்லாம் சரி. அப்பா யார்? பேரரசர் சார்கோன்.