ரசித்ததை மறைக்க வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

திரைப்படங்கள் குறித்து நீங்கள் எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். பல நாள் தயங்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு வெகுஜனப் படங்கள் பிடிக்கும். சண்டை, பாட்டு, நகைச்சுவை, கடைசியில் கெட்டவன் தோற்பது எல்லாமே பிடிக்கும். சென்ற மாதம் அப்படி ஒரு படத்தை அரங்கில் இரண்டு முறை பார்த்தேன். நான் உறுப்பினராக இருக்கும் திரைப்படச் சங்கத்தில் அதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "இவ்வளவு படித்துவிட்டு இதையா ரசிக்கிறீர்கள்?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அதே சங்கத்தில் உலகமே கொண்டாடும் படம் ஒன்றைத் திரையிட்டபோது நான் பாதியில் தூங்கிவிட்டேன். முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து "அற்புதம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

என் தம்பியிடம் சொன்னால், "ரசனை ஆளுக்கு ஆள் மாறும், இதில் பேச என்ன இருக்கிறது?" என்கிறான். அந்தப் பதிலிலும் எனக்கு நிறைவில்லை. ரசனையில் மேல், கீழ் உண்டா? நீங்கள் வெகுஜனப் படங்களை ரசிப்பதுண்டா? நான் அந்தச் சங்கத்துக்குத் தொடர்ந்து போகலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நடுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரசிப்பதுண்டு, மனமார ரசிப்பதுண்டு. முதலில் நாயகனின் காலைக் காட்டி, பிறகு முதுகைக் காட்டி, எதிரில் நிற்பவர்களின் கண்ணில் மிரட்சியைக் காட்டி, அதன் பிறகே முகத்துக்கு வரும் அறிமுகக் காட்சி சரியாக அமைந்துவிட்டால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. அரங்கம் முழுவதும் ஒன்றாக மூச்சைப் பிடித்து ஒன்றாக விடும் அந்தக் கணத்துக்காகவே டிக்கெட் வாங்கிப் போயிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என் மனம் நின்ற இடம் வேறு. நண்பரின் கேலியைவிட, தூங்கிய படத்தை நீங்கள் அற்புதம் என்று சொல்லிவிட்டு வந்ததுதான் எனக்குக் கவலை தருகிறது. இரண்டு முறை பார்த்த படத்தின் பெயரைக்கூட எனக்கு எழுதும்போது நீங்கள் குறிப்பிடவில்லை என்பதையும் கவனித்தேன். பிடித்ததை மறைத்து, பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்லப் பழகிய ஒருவருக்கு, சில காலத்தில் தனக்கு எது பிடிக்கும் என்பதே தெரியாமல் போய்விடும். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். விருதுப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் அவர்கள் வாயைத் திறப்பார்கள். பட்டியல் மாறினால் அவர்களது கருத்தும் மாறிவிடும். தூக்கம் வந்தது என்றால் அந்தப் படத்தோடு உங்களுக்கு நேர்ந்த உண்மையான அனுபவம் அதுதான். பேச்சை அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

இங்கே இரண்டு கூற்றுகளைப் பிரித்துவைத்துக்கொள்வது நல்லது. "எனக்குப் பிடித்திருந்தது" என்று நீங்கள் சொன்னால் அதை யாராலும் மறுக்க முடியாது. உங்களுக்குள் நடந்ததற்கு நீங்களே சாட்சி. "இது நல்ல படம்" என்று சொன்னால் நிலைமை வேறு. அப்போது நீங்கள் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், அடுத்தவரும் அதைப் பார்த்திருக்கிறார், ஏன் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. உங்கள் நண்பர் தன் மதிப்பீட்டை வைத்து உங்கள் இன்பத்தையே இல்லாமல் ஆக்கப் பார்த்தார். உங்கள் தம்பியோ, இன்பத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கான வாசலையே சாத்திவிடுகிறார். இருவரும் எதிரெதிரே நிற்பதாகத் தோன்றினாலும் இருவர் சொல்வதும் பேச்சை முடித்துவைக்கத்தான் பயன்படும்.

வெகுஜனப் படம் தரும் இன்பம் மலிவானது என்ற எண்ணத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்துப் பாருங்கள். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். முதலில் நிற்பது நகை. எட்டில் இன்னது உயர்ந்தது, இன்னது தாழ்ந்தது என்று அந்த நூற்பா தரம் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நூல் அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டு போகிறது. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கினால் பிறக்கும் என்கிறது. பேய்ப் படம், கொடிய மிருகம் துரத்தும் படம், கொள்ளையர் படம், அதிகாரம் படைத்தவனைக் கண்டு ஊரே நடுங்கும் படம் என எல்லாம் அந்த ஒரே வரிசைக்குள் வந்துவிடுகின்றன. மருட்கைக்குச் சொல்லப்படும் காரணங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாத ஓர் உலகம், வானளவு எழும் உருவம், எறும்பளவு சுருங்கும் மனிதன், ஒன்று இன்னொன்றாக மாறுவது. இன்றைய கணினி வரைகலை நம்மை வாய் பிளக்கவைப்பது இவற்றைக் கொண்டுதான். பெருமிதத்துக்கு கல்வி, தறுகண் என்னும் அஞ்சாமை, புகழ், கொடை. நாயகனின் அறிமுகக் காட்சியில் பின்னிரண்டும் பாட்டில் வந்துவிடும், தறுகண் சண்டையில் வந்துவிடும். கல்விக்குத்தான் பல இயக்குநர்கள் இடம் கொடுப்பதில்லை. மனிதர் கூடிப் பார்க்கும் எந்தக் கலையும் இந்த உணர்ச்சிகளைத் தொட்டே ஆகவேண்டும். அவற்றைத் தொட்ட ஒரு படத்தை ரசித்ததற்காக ஒருவர் வெட்கப்பட வேண்டுமென்றால், மனிதராகப் பிறந்ததற்கே வெட்கப்பட வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' 1931இல் வெளிவந்தது. பேசும் படங்கள் வந்துவிட்ட காலத்தில் வசனமே இல்லாமல் அவர் எடுத்த படம். சிறுவர்களும் சிரித்த படம், பெரும் வசூல் கண்ட படம். அதில் சாப்ளின் நடிக்கும் நாடோடியைப் பார்வையற்ற பூக்காரப் பெண் பணக்காரன் என்று நினைக்க வேண்டும். வசனம் இல்லாமல் அதை எப்படிச் சொல்வது? சாலையில் வண்டிகள் நெருக்கி நிற்கின்றன. போலீஸ்காரரிடம் மாட்டாமல் நழுவ, நாடோடி நிறுத்தப்பட்டிருக்கும் ஒரு பெரிய காரின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் நடைபாதையில் இறங்குகிறான். கார்க் கதவு சாத்தப்படுகிறது. அந்த ஓசையைக் கேட்டு அவள் முகம் திரும்புகிறது, பூவை நீட்டுகிறாள். பூ கீழே விழுகிறது. அவன் எடுத்துவிட்ட பிறகும் அவள் தரையைத் தடவிக்கொண்டிருக்கிறாள். அப்போதுதான் அவளுக்குப் பார்வையில்லை என்று அவனுக்குப் புரிகிறது. காசைக் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறைக்காக நிற்கிறான். அதற்குள் காரின் சொந்தக்காரர் வந்து ஏறுகிறார், கதவு மறுபடி சாத்தப்படுகிறது, கார் போய்விடுகிறது. சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டாரே என்று அவள் நினைக்கிறாள். அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று அவன் ஓசைப்படாமல் நகர்ந்துவிடுகிறான். அந்த ஒரே கதவால் ஏமாற்றம், இரக்கம், பெருந்தன்மை மூன்றும் பார்ப்பவருக்கு வந்துசேர்ந்துவிடுகின்றன. இந்தக் காட்சியை 300 முறைக்கு மேல் எடுத்தார் என்று திரைப்பட வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. எல்லோருக்கும் புரிய வேண்டும் என்ற கட்டாயம் கலைஞனிடம் எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

ஆகவே தரம் உண்டு. வெகுஜனப் படம், கலைப்படம் என்ற பெயர்ப்பலகையை வைத்து அதைப் பிரிப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு வகைக்குள்ளும் மேலும் கீழும் இருக்கிறது. மெதுவசைவை (ஸ்லோமோஷன்) ஒரே இடத்தில் வைத்து நம்மை எழுந்து உட்காரவைக்கும் இயக்குநர் இருக்கிறார். நாயகன் கதவைத் திறந்தாலும் திரும்பிப் பார்த்தாலும் மெதுவசைவு போட்டு, உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் நம்மைச் சலிப்போடு உட்காரவைப்பவரும் இருக்கிறார். வெகுஜனப் படங்களை ஊன்றிப் பார்க்கும் ரசிகர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். அவர்களிடம் அதைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

உங்கள் தம்பியின் வாதத்துக்கு வருகிறேன். தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் 'டான் கிஹோட்டே' என்ற ஸ்பானிய நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். பீப்பாய் மதுவைச் சுவைத்துப் பார்க்க இருவரை அழைக்கிறார்கள். நல்ல மது, ஆனால் லேசாகத் தோல் வாடை வருகிறது என்கிறார் ஒருவர். நல்ல மது, ஆனால் லேசாக இரும்புச் சுவை தெரிகிறது என்கிறார் மற்றவர். இருவரையும் ஊர் கேலி செய்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல் வார் கட்டிய ஒரு பழைய இரும்புச் சாவி கிடக்கிறது. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். இருவர் சொன்னதும் வேறு வேறு, ஆனாலும் இருவரும் சரி. ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்பது உண்மைதான். ஆனால் மாறும் ரசனைகள் எல்லாம் காற்றில் தொங்குவதில்லை. பல நேரம் படத்துக்குள் உண்மையாகவே இருக்கும் ஏதோ ஒன்றை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் இன்னொன்றை. அதைத் தேடிப் பார்க்கத்தான் பேச வேண்டியிருக்கிறது.

வல்லுநர்களின் தீர்ப்பும் கல்லில் பொறித்ததன்று. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் சிறந்த படங்களைக் கேட்டுப் பட்டியலிடுகிறது. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' 1958இல் வந்தபோது விமர்சகர்களிடம் அதற்குக் கலவையான வரவேற்புத்தான். 1982இல்தான் முதல் பத்து படங்களுக்குள் நுழைந்தது. 2012இல் 191 வாக்குகள் பெற்று முதலிடம் பிடித்தது. அந்தக் காலத்தில் பரபரப்புப் படம் எடுப்பவர் என்றே பலரால் எண்ணப்பட்ட ஒருவரின் படம் அது. மாறியது பார்க்கும் கண்.

2022இல் அந்த முதலிடம் 1975இல் வந்த 'ழான் டீல்மன்' படத்துக்குப் போனது. இயக்கியவர் சாந்தால் அகெர்மான். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் இந்தப் படத்தில் ஒரு பெண் மூன்று நாட்கள் தன் வீட்டு வேலைகளைச் செய்வதைப் பார்க்கிறோம். உங்களைப் போல் பலர் இதில் கண்ணயர்ந்திருக்கக் கூடும். ஆனால் முதல் நாளைப் பொறுமையாகப் பார்த்தவருக்கு இரண்டாம் நாள் ஒன்று நடக்கிறது. உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் வீட்டுக்குள் அலைகிறாள். அவ்வளவுதான் சம்பவம், ஆனால் வயிற்றில் பயம் புரள்கிறது. முந்தைய நாள் முழுவதும் அவளது ஒழுங்கை நம் உடம்பில் ஏற்றிவைத்ததால்தான் இது நடக்கிறது. அறிமுகக் காட்சியில் முகத்தைக் காட்டாமல் நம்மைக் காக்கவைப்பதும் இங்கே ஒரு நாளை முழுதாகக் காட்டிக் காக்கவைப்பதும் ஒரே கலையின் இரு வழிகள் என்றே நினைக்கிறேன். ஒன்று எங்கே கவனிக்க வேண்டும் என்று இசையாலும் வெட்டாலும் சொல்லிவிடுகிறது. மற்றது அந்த வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறது. அதற்கு ஓய்ந்த உடம்பும் சிதறிய மனமும் உதவாது. நாள் முழுவதும் உழைத்துவிட்டு மாலைத் திரையிடலுக்குப் போய்த் தூங்கியவரின் ரசனையைக் குறை சொல்வது அநியாயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரசிப்பதற்கு வெட்கப்பட வேண்டாம் என்பதால், ரசித்தது எதையும் கேள்வி கேட்கக் கூடாது என்று ஆகிவிடாது. ஒருவரின் நிறத்தையோ உடலையோ வைத்த நகைச்சுவைக்கு அரங்கமே சிரிக்கிறது, நாமும் சிரித்துவிடுகிறோம். தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் முதல் காரணமே எள்ளல்தான், ஆகவே சிரிப்பு வந்ததில் வியப்பில்லை. வெளியே வந்ததும் ஏதோ உறுத்துகிறதென்றால் அந்த உறுத்தலும் உங்கள் ரசனையின் பகுதியே. சிரித்தேன் என்பதையும் உறுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சங்கத்துக்குக் கட்டாயம் தொடர்ந்து போங்கள். தனியாகத் தேடினால் கிடைக்காத படங்கள் அங்கே கிடைக்கும், படம் முடிந்ததும் பேச ஆட்களும் இருப்பார்கள். பேசும்போது முழுப் படத்துக்கும் தீர்ப்பு வழங்க முயல வேண்டாம். ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அரங்குக்குப் போனீர்களே, எந்தக் காட்சிக்காகப் போனீர்கள்? அதில் யார் எங்கே நின்றார், இசை எந்த இடத்தில் நின்றது, உங்களுக்குச் சிலிர்த்தது சரியாக எப்போது என்று அந்த நண்பரிடமே சொல்லிப் பாருங்கள். தூங்கிய படத்தில் எந்த இடம் வரை விழித்திருந்தீர்கள், எங்கே விலகினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த இடத்தில் தான் என்ன பார்த்தார் என்று அவரைக் கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் உங்களுக்கு ஒரு படம் புதிதாகக் கிடைக்கும். முடியாவிட்டால், ஒரு விடுமுறைக் காலையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அதை மறுபடி பாருங்கள்.

அன்புடன்.